குத்தூசியும் ஆறு புள்ளிகளும்

நம் ஊர்களில் ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது நிரம்பிவிட்டால், வீட்டுக்கு வருவோரும் போவோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவனை எதில் போடப் போகிறீர்கள்?" கடையில் விடுவதா, கைத்தொழிலில் சேர்ப்பதா, இன்னும் சில ஆண்டு பொறுத்துச் சபருக்கு அனுப்புவதா என்று பெரியவர்கள் கூடிப் பேசுவர். பிள்ளை அருகில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பான். தன்னை இவ்வுலகம் எந்தத் தராசில் நிறுக்கப் போகிறது என்பதை அவன் அன்றே கற்றுக்கொள்கிறான். கேட்பவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அடுப்பு எரிய வேண்டிய வீட்டில் அக்கேள்வி எழுவது இயல்பே. ஹலாலான சம்பாத்தியத்தை நம் பெரியோர் இழிவாகக் கருதியதும் இல்லை. ஆயினும் அந்த வயதுப் பிள்ளையிடம், 'எவ்வளவு கொண்டு வருவாய்?' என்பதற்கு முன்னே, 'உன்னால் யாருக்கு என்ன நன்மை ஆகும்?' என்று கேட்டால் என்ன விளையும்? இதற்குச் சரித்திரம் தரும் விடைகளுள் ஒன்று பிரான்சு நாட்டில் இருக்கிறது. கண்ணிழந்த ஒரு சிறுவன் தன் பன்னிரண்டாம் வயதுக்கும் பதினைந்தாம் வயதுக்கும் இடையே செய்து முடித்த காரியம் அது.

அச்சிறுவனைப் பற்றிப் பேசுமுன், கண்ணற்றோருக்கும் காசுக்கும் பாரிஸ் நகரில் இருந்த பழந்தொடர்பைச் சற்று நோக்க வேண்டும். அந்நகரில் 'பதினைந்து இருபதுகள்' என்னும் பொருள்படும் கேன்ஸ்-வேன் என்ற பெயரில், முந்நூறு கண்ணற்றோர் தங்கும் இல்லம் ஒன்று இருந்தது. அதனை ஏறத்தாழ 1260-இல் நிறுவியவர் ஒன்பதாம் லூயி மன்னர். சிலுவைப் படையுடன் மிஸ்ருக்கு வந்து, 1250-இல் சிறைப்பட்டு, மன்ஸூராவில் இப்னு லுக்மானின் வீட்டில் காவலில் இருந்தாரே, அவரேதான். சிலுவைப் போரில் முஸ்லிம்களால் கண் பறிக்கப்பட்ட முந்நூறு வீரர்களுக்காகவே அவ்வில்லம் கட்டப்பட்டது என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. ஆய்வாளர்கள் அதற்கு ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டனர். இல்லத்தில் வாழ்ந்தவர்கள் பாரிஸ் நகரத்து ஏழைக் கண்ணற்றோர். நகரத் தெருக்களில் பிச்சை கேட்க அவர்களுக்கு மன்னரின் அனுமதி இருந்தது. ஐந்து நூற்றாண்டுக் காலம் கண்ணற்றவனுக்குச் சமுதாயம் அளித்த இடம் அவ்வளவே.

1771-இல் பாரிஸின் சந்தை ஒன்றில் ஒரு காப்பிக்கடைக்காரன் அவ்வில்லத்தைச் சேர்ந்த கண்ணற்றோர் சிலரைக் கூலிக்கு அமர்த்தினான். அவர்கள் தலையில் கோமாளிக் குல்லாய் கவிழ்த்து, மூக்கின்மேல் அட்டையால் செய்த பெரிய கண்ணாடி மாட்டி, கையில் வயலினைக் கொடுத்து, வாய்க்கு வந்த சுருதியில் வாசிக்க வைத்தான். முன்னே இசை ஏடுகள் வேறு விரித்து வைக்கப்பட்டிருந்தன. கூட்டம் திரண்டு சிரித்தது. கடைக்கு வியாபாரம் பெருகிற்று. அக்கூட்டத்தில் சிரிக்காத ஒருவர் இருந்தார். அயல்மொழிக் கடிதங்களை மொழிபெயர்த்துப் பிழைத்து வந்த வாலந்தேன் ஹாயி என்பவர் அவர். இந்த அவமானத்தின் இடத்தில் உண்மையான படிப்பை வைப்பேன் என்று அவர் அன்று உறுதி கொண்டதாகப் பின்னர் எழுதினார்.

உறுதி செயலாகப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1784-இல் ஒரு தேவாலய வாசலில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெஸ்யூர் என்னும் கண்ணற்ற இளைஞனை ஹாயி கண்டார். பதினேழு வயதை ஒட்டியவன். அவன் கையில் விழும் சில்லறையை எதிர்பார்த்து ஒரு குடும்பமே இருந்தது. 'வா, படிக்கலாம்' என்றால் எப்படி வருவான்? இங்கேதான் ஹாயியின் பெருந்தன்மையை விட அவரது விவேகத்தை நாம் மெச்சுகிறோம். படிக்கும் நேரத்தில் அவனுக்கு எவ்வளவு பிச்சை நட்டமாகுமோ, அதனைத் தாமே தந்துவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டார்! கல்வியின் மேன்மையைப் பற்றி அவனுக்கு நீண்ட உபதேசம் செய்யாமல், அவனது தோளில் இருந்த காசின் பாரத்தை முதலில் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டார். உபதேசம் செய்யும் தொழிலில் இருக்கும் நம்மைப் போன்றோர் இதனைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

அதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. ஹாயியின் மேசையில் கிடந்த அச்சிட்ட அட்டை ஒன்றைத் தடவிய லெஸ்யூர், அதன் பின்புறம் அழுத்தத்தால் மேடிட்டிருந்த எழுத்தொன்றை விரலாலேயே இன்னதென்று சொல்லிவிட்டான். அதைக் கண்ட ஹாயி, நனைந்த தடித்த தாளை எழுத்துருக்களின்மீது அழுத்தி, எழுத்துகள் மேடாக எழும்படி நூல்கள் செய்வித்தார். கண்ணற்றோருக்கென உலகில் தோன்றிய முதற் பள்ளிக்கூடம் இவ்வாறு உருவாயிற்று. வழி காட்டியவன் பிச்சைக்காரச் சிறுவன் என்பதைச் சரித்திரம் அடிக்கடி மறந்துவிடுகிறது.

இனி நம் சிறுவனுக்கு வருவோம். பாரிஸுக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்வ்ரே என்றொரு சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் நான்காவது பிள்ளையாக 1809 ஜனவரி 4-ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தான். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடப் போய், அது கண்ணில் பாய்ந்தது. புண் பழுத்து மறு கண்ணையும் பற்றிற்று. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் முற்றிலும் இருண்டன.

அக்காலத்துச் சிற்றூர் ஒன்றில் கண்ணற்ற பிள்ளைக்கு விதிக்கப்பட்டது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இப்பிள்ளையின் தந்தை அவனைத் தெருவுக்கு அனுப்பவில்லை. பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, விரலால் தடவிப் படிக்கச் செய்தார் என்று கூறுவர். ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பள்ளியாசிரியர் மற்றப் பிள்ளைகளோடு அவனையும் வகுப்பில் உட்கார வைத்தார். காதால் கேட்டே அவன் மற்றவர்களை முந்தினான். ஊர்ப் பிரபு ஒருவரின் பரிந்துரையால் உதவித் தொகை கிடைத்து, 1819 பிப்ரவரி 15-ஆம் நாள், பத்து வயதில், ஹாயி தொடங்கிய அந்தப் பாரிஸ் பள்ளியில் சேர்ந்தான். ஆக, இங்கும் ஒரு தந்தையும் ஒரு பாதிரியாரும் ஓர் ஆசிரியரும் ஒரு பிரபுவும் காசின் கவலையை அவனிடமிருந்து விலக்கி வைத்தனர்.

முற்றிலும் விலக்கினர் என்றும் சொல்வதற்கில்லை. பள்ளி இருந்த கட்டடம் பழையது; ஈரம் கசிவது. அங்கே பிள்ளைகள் பாதி நேரம் படித்தனர். பாதி நேரம் பட்டறையில் உழைத்தனர். பின்னல், நெசவு, கூடை முடைதல், துணிச் செருப்புத் தைத்தல் என்று தொழில்கள் பல. லூயி இவற்றில் கைதேர்ந்தவன். பின்னலிலும் செருப்புத் தைப்பதிலும் பரிசு பெற்றான். பதினான்கு வயதில் செருப்புப் பட்டறையில் மேற்பார்வைப் பொறுப்பும் அவனுக்கு வந்தது. நம் ஊரார் அன்று அங்கே போயிருந்தால், "பையன் பிழைத்துக்கொள்வான், இனிக் கவலையில்லை" என்று துஆச் செய்துவிட்டுத் திரும்பியிருப்பர். உண்மையும் அதுவே. கண்ணற்ற ஏழைச் சிறுவன் ஒருவன் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ளும் வழி திறந்துவிட்டது. அவன் அந்த வழியோடு நின்றிருந்தால் அவனை யாரும் பழித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் தீராத குறை ஒன்று இருந்தது. ஹாயியின் நூல்கள் பெரியவை, கனமானவை, சொற்பமானவை. ஓர் எழுத்தைத் தடவி அறிந்து அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முந்தியது மறந்துபோகும். அதைவிடப் பெருங்குறை, அவ்வெழுத்தை அவர்களால் எழுத முடியாது என்பது. அச்சுக்கூடம் தரும் நூலைத் தடவலாம். தான் நினைத்ததைக் குறித்து வைக்க இயலாது. வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். ஹாயி நல்லவர்தாம். ஆனால் கண்ணுள்ளவரின் எழுத்தையே பெரிதாக்கிக் கண்ணற்றவரின் விரலுக்குக் கொடுத்தார். விரலுக்கு உகந்த எழுத்து எது என்று அவர் விரலைக் கேட்கவில்லை.

1821-இல் சார்ல் பார்பியே என்பவரின் முறை அப்பள்ளிக்கு வந்தது. பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர் அவர். தாளில் புள்ளிகளைக் குத்தி எழுப்பி, ஒலிகளைக் குறிக்கும் ஒரு முறையை வகுத்திருந்தார். போர்வீரர்கள் இருளில் விளக்கின்றிச் செய்தி படிப்பதற்காக நெப்போலியனின் படைக்கென இதனை இயற்றினார் என்று பலரும் எழுதியுள்ளனர். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்வது போல் இச்செய்தியின் தொடரை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தவர்கள், படைக்கும் இதற்கும் தொடர்பிருந்ததற்கு உறுதியான சான்றில்லை என்கின்றனர். படிப்பு எட்டாத எளிய மக்களுக்காகவே, அவர்களுள் கண்ணற்றோரையும் எண்ணி, அவர் இதனை வகுத்தார் என்பதே அவருடைய எழுத்துகளிலிருந்து தெரியவருகிறது. நல்ல நோக்கம். எழுதுவதற்குச் சட்டமும் ஊசியும் கண்டு தந்தவரும் அவரே.

பன்னிரண்டு வயது லூயி அப்புள்ளிகளின்மேல் விரலை வைத்தான். கோடுகளால் ஆன எழுத்தைவிடப் புள்ளியை விரல் எளிதில் அறிகிறது என்பது உடனே விளங்கிற்று. அதோடு அம்முறையின் ஊனங்களும் விளங்கின. ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்ததால் அது விரல் நுனியில் அடங்கவில்லை. மேலும் கீழும் துழாவ வேண்டியிருந்தது. ஒலியைக் குறித்ததே தவிர எழுத்துக்கூட்டலைக் குறிக்கவில்லை. நிறுத்தக் குறிகள் இல்லை, எண்கள் இல்லை, இசைக்கு வழியில்லை. ஏழைக்கும் கண்ணற்றோருக்கும் இவ்வளவு போதும் என்று பார்பியே கருதினார். 'இவர்களுக்கு இது போதும்' என்று பிறர் தீர்மானிப்பதில் உள்ள துன்பம், அத்தீர்மானத்துக்கு உட்பட்டவனுக்கே தெரியும். லூயிக்கு அது போதவில்லை. கண்ணுள்ளவன் படிப்பதனைத்தையும் தானும் படிக்க வேண்டும், தன் தோழர்களும் படிக்க வேண்டும் என்பது அவன் வேட்கை.

அடுத்த மூன்றாண்டுகள் அவன் செய்ததெல்லாம் ஊசியால் தாளைக் குத்துவதே. பகலில் பாடமும் பட்டறையும் இருந்தன. எனவே இரவில் மற்றவர் உறங்கிய பின்னும், விடியலில் அவர்கள் எழுமுன்னும் குத்தினான். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் தாளும் ஊசியும் உடன் சென்றன. கண்ணைப் பறித்த குத்தூசியை ஒத்த ஒரு கருவிதான் இப்போது அவன் கையில் இருந்தது என்பதைப் பலர் வியந்து எழுதியுள்ளனர். அவ்வியப்பில் நாம் அதிகம் தங்க விரும்பவில்லை. நமக்கு வியப்பளிப்பது வேறு. அம்மூன்றாண்டுகளில் இவ்வேலைக்காக அவனுக்கு யாரும் ஒரு காசு தரவில்லை. தருவதாகச் சொல்லவும் இல்லை. செருப்புக்குப் பரிசு உண்டு. இதற்கு ஒன்றுமில்லை. 1824-இல், பதினைந்து வயதில், முறை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

அதன் அமைப்பை இங்கே விளக்கியே ஆக வேண்டும். அழகு அங்கேதான் உள்ளது. நெடுக்கில் மூன்று, குறுக்கில் இரண்டு, ஆக ஆறு புள்ளிகள். விரல் நுனி நகராமலே முழுவதையும் உணரும் அளவு. ஆறு புள்ளிகளில் சில எழும், சில எழாது. அவ்வகையில் 63 வடிவங்கள் கிடைக்கும். மேலுள்ள நான்கு புள்ளிகளைக் கொண்டே முதற் பத்து எழுத்துகளை அமைத்தான். அதே பத்தோடு கீழே இடப்புறப் புள்ளியைச் சேர்த்து அடுத்த பத்து. கீழ்ப் புள்ளிகள் இரண்டையும் சேர்த்து அதற்கடுத்த வரிசை. பத்தைக் கற்றவன் ஏனையவற்றைத் தானே கண்டுகொள்வான். எண்களுக்குத் தனி வடிவம் தேடாமல், முதற் பத்து எழுத்துகளையே ஒன்று முதலான எண்களாக வைத்துக்கொள்ளும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. அலிஃபுக்கு ஒன்று, பேவுக்கு இரண்டு, ஜீமுக்கு மூன்று என்று அப்ஜது கணக்குப் படித்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அப்ஜது என்றதும், அரபு நூலொன்றில் உள்ள செய்தி நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 764-இல் (கி.பி. 1363) மறைந்த ஸலாஹுத்தீன் ஸஃபதீ, கண்ணற்ற சான்றோரின் வரலாறுகளை மட்டுமே தொகுத்து 'நக்துல் ஹிம்யான்' என்னும் நூலை இயற்றினார். 1911-இல் காஹிராவில் அது அச்சேறியது. அந்நூலில் பக்தாதைச் சேர்ந்த ஜைனுத்தீன் ஆமிதீ என்னும் கண்ணற்ற ஆலிமைப் பற்றிப் படிக்கிறோம். அவர் பேரறிஞர், பன்மொழி வல்லவர், புத்தக வியாபாரமும் செய்தவர். ஒரு கிதாபை வாங்கியதும், மெல்லிய தாளை முறுக்கித் திரியாக்கி, அப்ஜது கணக்கில் அதன் விலையைக் குறிக்கும் எழுத்தாக வளைத்து, அட்டையின் உட்புறம் ஒட்டி, அதன்மேல் ஒரு தாளையும் ஒட்டிவிடுவார். விலை மறந்தால் விரலால் தடவி அறிந்துகொள்வார். லூயி பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, விரலால் படிக்கும் எழுத்து பக்தாதில் இருந்தது!

நம் முன்னோர் கண்டதே முந்தியது என்று மார்தட்டிக்கொள்ள இச்செய்தியைச் சிலர் எடுத்தாள்வதுண்டு. அதனை நாம் விரும்புவதில்லை. ஏனெனில் அடுத்த கேள்வி உடனே எழும்: ஏன் அது ஒரு கடையின் அலமாரியோடு நின்றுவிட்டது? ஆமிதீ அவர்களைக் குறை கூறுவதும் தகாது. அவருக்கு எழுத்து தேவைப்பட்ட இடம் விலை மட்டுமே. ஏனைய அறிவெல்லாம் நெஞ்சில் இருந்தது. நம் மரபில் கல்வி செவி வழியே வந்தது. உஸ்தாது ஓத, மாணவன் கேட்டு மனனம் செய்வான். அதனால்தான் நம்மிடையே கண்ணற்றோர் பிச்சைக்காரராக ஒதுக்கப்படாமல் உஸ்தாதுகளாக அமர்ந்தனர். கிராஅத் கலையைப் பயில்வோர் அனைவரும் ஓதும் ஷாத்திபிய்யாவை இயற்றிய இமாம் ஷாத்திபீ கண்ணற்றவர். நான்கு வயதில் அம்மையால் பார்வை குன்றிய மஅர்ரீயின் கவிதையை இன்றும் அரபுலகம் ஓதுகிறது. இது நமக்குப் பெருமை. ஆனால் நினைவாற்றல் மிக்கவன் இமாமாக உயர்ந்தான். சாதாரண நினைவாற்றல் கொண்ட கண்ணற்ற பிள்ளைக்குக் கிதாபு இல்லை. அவனுக்காக யாரும் அந்தத் திரியை மேலும் முறுக்கவில்லை. பாரிஸ் சிறுவனின் ஊசி அத்தகைய சாதாரணத் தோழர்களுக்காகக் குத்திற்று. ஒரே கருவி, விலை குறிக்கப் பயன்பட்டபோது ஒருவரோடு முடிந்தது; தோழனின் குறை தீர்க்கப் பயன்பட்டபோது பரவிற்று.

பதின்மூன்று வயதுக்கு இதில் என்ன சிறப்பு என்று வாசகர் வினவலாம். அந்த வயதுப் பிள்ளைகளிடையே பல ஆண்டு வாழ்ந்த அனுபவத்தில் நாம் காண்பது இது. அவ்வயதில் தோழனின் குறை தன் குறையாகவே தோன்றும். 'இது நடவாது', 'இவ்வளவு போதும்', 'இதனால் என்ன வரும்' என்னும் மூன்று சொற்களும் அப்போது இன்னும் நாவில் குடியேறியிரா. காசு வாங்கிப் பழகிய கை ஒவ்வொரு வேலைக்கும் கூலியைத் தேடும். அதில் தவறில்லை, ஆனால் கூலி இல்லாத வேலை அதன் கண்ணில் படாமலே போய்விடும். ஆறு புள்ளிகளைத் தேடும் வேலைக்குக் கூலி தருவார் யாரும் இருக்கவில்லை. அவ்வேலையைக் காணக்கூடிய கண் அந்தக் கண்ணற்ற சிறுவனுக்கே இருந்தது. லூயி தைத்த செருப்புகள் பாரிஸ் நகரத்துக் கால்களில் தேய்ந்து எங்கோ மறைந்தன.

அதன் பிறகான வாழ்வை விரைந்து கூறிவிடலாம். லூயி பிரெயில் அதே பள்ளியில் உதவியாசிரியரானார். 1829-இல், இருபது வயதில், சொற்களையும் இசையையும் புள்ளிகளால் எழுதும் தம் முறையை நூலாக வெளியிட்டார். அதன் முன்னுரையில், இம்முறையின் முதல் எண்ணத்துக்குத் தாம் பார்பியேக்குக் கடன்பட்டிருப்பதை மறைக்காமல் எழுதினார். 1837-இல் திருத்திய பதிப்பு வந்தது. மாதாகோயிலில் ஆர்கன் வாசித்தார். கணிதமும் வரலாறும் இசையும் கற்பித்தார். தம் முறையை எவரிடமும் விலை பேசியதாகச் செய்தி இல்லை.

ஆயினும் அம்முறை எளிதில் ஏற்கப்பட்டுவிடவில்லை. அதனை ஆதரித்த தலைமையாசிரியர் பின்யே 1840-இல் பதவி இழந்தார். அவருக்குப் பின் வந்த துஃபோ, கண்ணுள்ளவர் படிக்க முடியாத எழுத்து கண்ணற்றோரைப் பிரித்துவிடும் என்று கருதிப் புள்ளி முறையை விலக்கி, மேடெழுத்துகளையே புகுத்தினார். மாணவர்கள் விடவில்லை. மறைவாகக் குத்தினர், மறைவாகப் படித்தனர், மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். அதிகாரம் மறுத்த எழுத்தைப் பதின்வயதுப் பிள்ளைகளே அவ்வாண்டுகளில் காப்பாற்றினர். கூலிக்குக் கற்றிருந்தால், கூலி நின்ற அன்றே விட்டிருப்பார்கள். இறுதியில் துஃபோவின் மனமும் மாறிற்று. 1844 பிப்ரவரியில் புதிய கட்டடத் திறப்பு விழாவில், துணைத் தலைவர் குவாதே புள்ளி முறையை வெளிப்படையாகப் புகழ்ந்து பேச, மாணவர்கள் அவையோர் முன் எழுதியும் படித்தும் காட்டினர்.

பழைய கட்டடத்தின் ஈரத்திலேயே பற்றியிருக்கக்கூடிய காசநோய் பிரெயிலை ஆண்டாண்டாக அரித்தது. 1852 ஜனவரி 6-ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் வயது நிறைந்த இரண்டாம் நாளில், அவர் மறைந்தார். பிரான்சு அம்முறையை முறைப்படி ஏற்றது 1854-இல். அதைக் காண அவர் இல்லை. நூறாண்டு கழித்து, 1952-இல், நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவரது உடல் எடுத்துச் செல்லப்பட்டபோது, கைகளை மட்டும் கூப்வ்ரே மக்கள் தங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டனர்.

அவ்வெழுத்து நம்மிடம் வந்த கதையும் உண்டு. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் கண்ணற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். ஆயினும் இந்திய மொழிகளுக்கு நெடுங்காலம் ஊருக்கொரு முறையாகப் புள்ளிகள் வழங்கின. யுனெஸ்கோவின் முயற்சியால் 1951-இல் பெய்ரூத்தில் அறிஞர்கள் கூடினர். அக்காலத்திலேயே இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் உருவாயிற்று. அரபுக்கும் ஒருமித்த முறை அமைந்தது. இதில் நாம் கண்டு மகிழ்ந்த நுட்பங்கள் சில உள. தமிழ்க் கண் 'கெ' என்னும் எழுத்தில் கொம்பை முன்னே பார்க்கும். தமிழ் விரலோ ஒலிக்கும் வரிசையிலேயே மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் தொடுகிறது. தொல்காப்பியம் ஓதியவர் இதைக் கேட்டால் முகம் மலர்வர். அரபு எழுத்தோ வலமிருந்து இடமாகப் போவதை விட்டு, விரலுக்காக இடமிருந்து வலமாகத் திரும்பிவிட்டது! மேலும் கீழும் இடும் ஹரகத்துகளும் எழுத்துகளோடு ஒரே வரியில் வந்து அமர்கின்றன. லூயி தன் மொழியில் 'ம' ஒலிக்கு வைத்த புள்ளிகளே அரபு மீமுக்கும் தமிழ் மகரத்துக்கும் உரியவை. 'ல' ஒலிக்கு வைத்தவையே லாமுக்கும் நம் லகரத்துக்கும். இன்று கண்ணற்ற ஹாபிழ் ஒருவர் தமக்கு ஐயமான ஆயத்தைப் பிறர் ஓதக் கேட்கும் வரை காத்திராமல், தாமே தாளில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஊதியமின்றி விழித்த இரவுகளின் பயன் அவர் விரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிரெயிலின் மறைவுக்குப் பின் நிகழ்ந்ததாக அவருடைய நண்பர் கொல்தா குறித்து வைத்த செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. அவரது உடைமைகளுக்கிடையே சிறு பெட்டி ஒன்று கிடைத்தது. திறவாமலே எரித்துவிட வேண்டும் என்று அதன்மேல் குறிப்பு இருந்தது. நண்பர்கள் ஆவல் அடக்கமாட்டாமல் திறந்தனர். உள்ளே கடன் சீட்டுகள். கைக்கு முட்டுப்பட்ட மாணவர்களுக்கு, சொற்பச் சம்பளம் வாங்கிய அந்த ஆசிரியர் அவ்வப்போது கொடுத்து, திருப்பிக் கேளாமல் விட்ட தொகைகளுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள். நண்பர்கள் அவற்றைப் பார்த்தனர். பிறகு அவர் விரும்பியபடியே நெருப்பில் இட்டனர்.